ஸ்ப்ளிட்டிலிருந்து தனிப் படகு: ஒரே நாளில் ஐந்து தீவு, அம்மா அப்பாவோடு சரிவருமா?

மதுரைக்காரன் | 11 மே, இரவு 9:40

வணக்கம். நாங்கள் ம்யூனிக்கில் இருக்கிறோம். ஜூன் இரண்டாவது வாரம் குரோவேஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்துக்கு ஐந்து இரவு போகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (71), அம்மா (66), அப்புறம் மைத்துனனும் அவன் மனைவியும். மொத்தம் ஏழு பேர்.

மனைவிக்கு பிஷெவோ தீவின் நீலக் குகையைப் பார்த்தே ஆகவேண்டும். அங்கே எல்லா ஏஜென்சியும் 'ஐந்து தீவு' என்று ஒரே பயணத்தைத்தான் விற்கிறது: நீலக் குகை, விஸ் தீவில் ஸ்டினிவா கடற்கரை, புதிகோவாட்ஸ் என்ற குட்டித் தீவு, பாக்லெனி தீவுகள், கடைசியில் ஹ்வார் நகரம். காலை 7:30க்குக் கிளம்பினால் மாலை 6 மணிக்குத்தான் திரும்ப முடியும். கூட்டத்தோடு போனால் ஆளுக்கு 120 யூரோ கேட்கிறார்கள். ஓட்டுநரோடு தனிப் படகு என்றால் 950. ஏழால் வகுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லையே, தனிப் படகே எடுத்துவிடலாமா?

அம்மாவுக்கு முழங்கால் வலி. கொடைக்கானல் பஸ்ஸில் போனாலே வாந்தி. சுத்த சைவம். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எதைக் கேட்டாலும் "சரிப்பா" என்பார். உண்மையில் அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பட்ஜெட் பாபு | 11 மே, இரவு 10:15

கணக்கு அவ்வளவு நேராக இல்லை ப்ரோ. 950இல் எரிபொருள் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பிஷெவோ தூரம் அதிகம், பெரிய எஞ்சின் படகு பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். நீலக் குகைக்கு நுழைவுக் கட்டணம் தனி, அது சீசனுக்கு ஏற்ப ஏறும். மதியச் சாப்பாடும் உங்கள் கையைத்தான் கடிக்கும். நான் கூட்டப் படகில்தான் போனேன். பன்னிரண்டு பேர், பாதிப் பேர் ஆஸ்திரேலியப் பையன்கள், ஜாலியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது வயது 27, கூட அம்மா இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கசந்த காபி | 11 மே, இரவு 11:02

தயவுசெய்து ஐந்து தீவு போகாதீர்கள். இரண்டு வருடம் முன்னால் ஆகஸ்டில் மாமியார், மாமனாரோடு 'தனிப் படகு' எடுத்தேன். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. படத்தில் காட்டிய படகு ஒன்று, துறையில் நின்றது வேறு, சின்னது. கிளம்பும்போது எரிபொருளுக்கு 180 யூரோ தனி என்றார்கள்.

பிஷெவோவில் இறங்கி டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றோம். நம் படகில் குகைக்குள் போக முடியாது, அங்கிருக்கும் குட்டிப் படகுக்கு மாற வேண்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது பத்து நிமிடம்கூட இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை ஈடுகட்ட மிச்ச நாள் முழுக்க ஓட்டம்தான். ஸ்டினிவாவில் படகு கரைக்கே போகாது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சின்ன இடுக்கு, வெளியே நிறுத்திவிட்டு அதற்குள் நீந்திப் போக வேண்டும். மாமியாருக்கு நீந்தத் தெரியாது, அவர் துணைக்கு நானும் படகிலேயே உட்கார்ந்தேன். புதிகோவாட்ஸில் முக்கால் மணி. ஹ்வாரில் ஒரு ஐஸ்கிரீம்.

திரும்பும்போது படகு அலை மேல் டமார் டமார் என்று விழுந்தது. மாமனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டலில் படுக்கை. ஐந்து தீவில் நாங்கள் கால் வைத்தது மூன்றில்.

கடலோடி | 12 மே, காலை 6:20

தம்பி, தீவுக் கணக்கை விடுங்கள். முதலில் காற்றைக் கேளுங்கள்.

நான் தூத்துக்குடி. வணிகக் கப்பலில் 22 வருடம், அட்ரியாட்டிக் கடலில் ரியேகா துறைமுகத்துக்குப் பல தடவை வந்தவன். நம் கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கெல்லாம் ஆள் பெயர் மாதிரி பெயர் உண்டு. அந்தக் கரையிலும் அப்படித்தான். உங்களுக்கு மூன்று பெயர் தெரிந்தால் போதும்.

மாயிஸ்ட்ரல், வடமேற்குக் காற்று. கோடையில் வானிலை நன்றாக இருக்கும் நாளெல்லாம் வரும். முற்பகலில் எழும்பி, பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் உச்சத்துக்குப் போய், பொழுது சாய அடங்கிவிடும். கெட்ட காற்று இல்லை. ஆனால் ஐந்து தீவுப் படகு ஹ்வாரிலிருந்து ஸ்ப்ளிட் திரும்புவது வடக்கு முகமாக, அது அடங்கும் முன்பே. அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கசந்த காபியின் மாமனார் இடுப்பை உடைத்தது அதுதான்.

யூகோ, தென்கிழக்கு. திடீரென்று வராது, இரண்டு மூன்று நாளாக வளரும். மேகம், புழுக்கம், நீளமான பெரிய அலை. பழைய துப்ரோவ்னிக் குடியரசில் யூகோ வீசும் நாளில் சட்டம் போடமாட்டார்கள் என்று சொல்வார்கள், அன்றைக்கு யாருக்கும் புத்தி நேராக இருக்காதாம். இன்றைக்கும் தலைவலி, புருசன் பெண்டாட்டி சண்டை எல்லாவற்றுக்கும் யூகோ மேல்தான் பழி.

பூரா, வடகிழக்கு. மலையிலிருந்து உருண்டு விழும் காற்று. வானம் தெளிவாக இருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. குளிர்காலத்தில்தான் அதற்கு முழு பலம்.

நீலக் குகையின் வாய் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம்தான். உள்ளே போகும்போது எல்லோரும் தலையைக் குனிய வேண்டும். கடல் கொஞ்சம் ஏறி இறங்கினாலே குகையை மூடிவிடுவார்கள். ஸ்ப்ளிட்டில் வெயில் அடிக்கும், விஸ்ஸுக்கு வெளியே அலை புரளும். அதனால் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "குகை மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?" முழிக்காமல் பதில் சொல்பவனிடம் படகு எடுங்கள்.

தனிப் படகுக்குக் கொடுக்கும் பணம் மெத்தை இருக்கைக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். நான் சொல்வேன், "இன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் போவோம்" என்று ஓட்டுகிறவன் திருப்பலாமே, அந்த வசதிக்குத்தான் அந்தக் காசு. கூட்டப் படகு பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அது போயே தீரும். தனிப் படகு எடுத்துவிட்டு நீங்களும் அதே அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் காசு தண்டம்.

மதுரைக்காரன் | 12 மே, காலை 8:05

அண்ணே, நன்றி. காற்று விஷயத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அப்போ குகை கிடையாதா?" என்ற ஒரே கேள்விதான் வந்தது. யாராவது உள்ளே போனவர்கள் சொல்லுங்கள், அந்த நீலம் உண்மையிலேயே அப்படியா, போனில் ஏற்றிய கலரா?

யாழினி ஒஸ்லோ | 12 மே, மாலை 5:30

உண்மையான நீலம்தான் தம்பி. குகையின் ஒரு பக்கச் சுவரில் தண்ணீருக்குக் கீழே ஒரு திறப்பு இருக்கிறது. வெயில் அதன் வழியாக நுழைந்து, அடியில் உள்ள வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் பட்டு மேலே வரும். அதனால் வெளிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து கிளம்புவது போலத் தெரியும். கையை விட்டால் விரல்கள் வெள்ளியாய் மின்னும். முற்பகல் 11க்கும் 12க்கும் இடையில் சூரியன் சரியான கோணத்தில் நிற்கும், அதனால்தான் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் அங்கே முட்டிமோதுகிறது. உள்ளே நீந்த விடமாட்டார்கள்.

இன்னொரு விசயம். நாம் இப்போது படகில் நுழையும் வாய் இயற்கையானது அல்ல, 1884இல் வெட்டி அகலமாக்கியது. அதற்கு யோசனை சொன்னவர் ஓய்கன் ஃபொன் ரான்சோனே என்ற ஆஸ்திரிய ஓவியர். இந்த ஆள் அதற்கு இருபது வருடம் முதலே எங்கள் இலங்கைக்கு வந்து, மூழ்குமணி என்ற, காற்று அடைத்துத் தண்ணீருக்குள் இறக்கும் கூண்டுக்குள் குந்தியிருந்து, கடலுக்கு அடியில் கண்டதைப் படமாக வரைந்தவர்! இதை நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வாசித்தேன். முதலே தெரிந்திருந்தால் அந்த வரிசையில் நின்ற எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நாங்கள் ஸ்ப்ளிட்டிலிருந்து ஸ்பீட்போட்டில் போகவில்லை. பெரிய கார் ஃபெர்ரியில் விஸ் தீவுக்குப் போனோம், இரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். ஆடாது, கழிப்பறை, கோப்பி எல்லாம் இருக்கு. விஸ்ஸிலிருந்து பஸ்ஸில் கொமிஷா என்ற மீன்பிடி ஊருக்குப் போனால், குகை அங்கிருந்து கிட்டத்தான். விஸ்ஸில் ஓர் இரவு தங்குங்கோ. யூகோஸ்லாவியா இராணுவத் தளமாக வைத்திருந்ததால் 1989 வரை வெளிநாட்டவர் அந்தத் தீவுக்குப் போகவே முடியாது. அதனால்தானோ என்னவோ, ஹ்வார் போல ஆட்டம்பாட்டம் இல்லாமல் அமைதியாய் இருக்கு.

அம்மா சைவம் என்றீர்கள். கொமிஷாவில் 'பொகாச்சா' என்று ஒரு ரொட்டி விற்பார்கள். வெங்காயமும் தக்காளியும் வைத்த ரொட்டி போல வடிவாய் இருக்கும். உள்ளே உப்பிட்ட நெத்தலி! என் மாமி ஒரு கடி கடித்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்குப் பதில் ஸ்ப்ளிட் காய்கறிச் சந்தையில் 'சோபர்னிக்' கேளுங்கோ. இரண்டு மெல்லிய மாவுத் தட்டுக்கு நடுவே கீரையும் வெங்காயமும் வைத்து, சாம்பல் போர்த்திச் சுட்டு, மேலே உள்ளியும் (பூண்டு) ஒலிவ் எண்ணெயும் தடவியது. படகில் கட்டிக்கொண்டு போகத் தோதான சாப்பாடு.

மருந்துக்கடைக்காரி | 12 மே, இரவு 8:50

வாந்தி மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், கண் அழுத்தம் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், பொங்கல் சாப்பிட்ட வயிறும் வேண்டாம். முன்பக்கம்தான் படம் எடுக்க அழகு என்று சொல்லி உட்காரவைப்பார்கள், அங்கேதான் தூக்கித் தூக்கிப் போடும். பெரியவர்களைப் பின்பக்கம், நடுவில் உட்காரவைத்து, போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மைத்துனர் மனைவி கர்ப்பமாக இருந்தால் ஸ்பீட்போட்டே வேண்டாம், பல கம்பெனிகள் ஏற்றவும் மாட்டார்கள்.

கடலோடி | 12 மே, இரவு 9:30

மேலே சொன்னது அத்தனையும் சரி. கூடவே கேட்க வேண்டியவை: படகில் கழிப்பறை உண்டா (ரப்பர் படகில் கிடையாது, கேபின் வைத்த படகில் இருக்கும்), நிழல் துணி உண்டா, குழந்தை அளவு உயிர்காப்பு ஜாக்கெட் உண்டா, ஏறி இறங்க எப்படிப்பட்ட ஏணி. முழங்கால் வலிக்காரருக்குக் கடலைவிட ஏணிதான் எதிரி. ஓட்டுநர் இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க லைசன்ஸ் வேண்டும், அந்த யோசனையே வேண்டாம். கடலில் ஏதாவது ஆனால் அங்கே 195 என்ற எண், கடல்மீட்புக்கு.

எல்லோரும் தண்ணீர்ச் செருப்பு வாங்குங்கள். பாறைக் கரை, மணல் குறைவு. பாறையில் இருக்கும் கடல் முள்ளெலி என்ற கறுப்பு நிற முள் உயிரி மேல் கால் வைத்தால் சுற்றுலா அத்தோடு முடிந்தது.

பட்ஜெட் பாபு | 12 மே, இரவு 10:00

பாக்லெனி தீவுகளைப் பாதிப் பேர் 'நரகத் தீவுகள்' என்று எழுதுகிறார்கள், அங்கே எங்கள் வழிகாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். நரகம் இல்லையாம், 'பாக்லினா' என்ற பைன் மரப் பிசின். மரப் படகின் இடுக்குகளை அடைக்கப் பூசுவது. தலைப்புக்குச் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

கடலோடி | 12 மே, இரவு 10:12

சம்பந்தம் இருக்கிறது பாபு. எங்கள் தாத்தா காலத்தில் வள்ளத்துக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மதுரைக்காரன் | 20 ஜூன், இரவு 9:15

திரும்பி வந்தாயிற்று. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்ற பெயர் வேண்டாம், அதனால் முழுக்க எழுதுகிறேன்.

நான்கு ஏஜென்சிக்கு "குகை மூடியிருந்தால்?" என்று எழுதினேன். மூன்று பேர் "கவலைப்படாதீர்கள், மூடாது" என்றார்கள். ஒருவர் மட்டும், "முந்தின நாள் மாலை காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தெற்குக் காற்று என்றால் பிஷெவோ போகமாட்டேன், பக்கத்துத் தீவுகளைப் பாதி நாளில் காட்டுகிறேன், விலை குறையும்" என்று பதில் போட்டார். எரிபொருள் சேர்த்து முழு நாள் 980, பாதி நாள் 560. அவரிடமே சொல்லிவைத்தேன். கழிப்பறை வைத்த, கூரை உள்ள படகு.

நாங்கள் போன இரண்டாம் நாளே புழுக்கம். ஸ்ப்ளிட்டில் டயோக்ளீஷியன் அரண்மனையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அம்மா "ஏன்டா, இவ்வளவு வேர்க்குது?" என்றதும் எனக்குக் கடலோடி அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. மாலை ஆறு மணிக்குப் படகோட்டும் ஸ்கிப்பர் போன் செய்தார். நாளை மதியத்துக்கு மேல் யூகோ எழும்பும், காலையிலேயே பக்கத்தில் போய்விட்டு வருவோம் என்றார். மனைவி முகம் அப்படியே விழுந்துவிட்டது. சாப்பிடும்போது பேச்சே இல்லை. யூகோ மேல் பழி போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலை எட்டுக்குக் கிளம்பினோம். கடல் அப்போது தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி. முதலில் த்ர்வெனிக் வேலி என்ற தீவு, அதன் ஓரத்தில் குட்டித் தீவுகள் மறைத்து நிற்கும் க்ர்க்ன்யாஷி கழி. ஏஜென்சிக்காரர்கள் இதைத்தான் நீலக் காயல் என்று விற்கிறார்கள். சீக்கிரம் போனதால் எங்களையும் சேர்த்து மூன்றே படகு. அடியில் வெளிர் மணல், தண்ணீர் அவ்வளவு தெளிவு, படகின் நிழல் கீழே தனியாகக் கிடந்தது.

அம்மா இறங்கமாட்டேன் என்று பத்துத் தடவை சொன்னார். ஸ்கிப்பர் ஒன்றும் பேசாமல் பின்பக்கத்து ஏணியை நீட்டி, கீழே தானே இறங்கி நின்று, கையை மட்டும் நீட்டினார். அம்மா லெக்கிங்ஸ், மேலே என் மகளின் பள்ளி டீ-ஷர்ட், அதற்கும் மேலே உயிர்காப்பு ஜாக்கெட். இறங்கினார். தண்ணீர் குளிர் என்று ஒரு சத்தம். அப்புறம் இருபது நிமிடம் மேலே வரவில்லை. முழங்கால் வலியே தெரியவில்லை என்று மிதந்துகொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் யாருமே அம்மாவை இதுவரை தண்ணீரில் பார்த்ததில்லை. திருச்செந்தூரிலும் காலை மட்டும்தான் நனைப்பார்.

பத்தரைக்கு மேல் தென்கிழக்கில் சாம்பல் நிறம் ஏறியது. ஸ்கிப்பர் வாட்சைப் பார்த்துவிட்டு ஷோல்டா தீவின் வடக்குப் பக்கம் நெச்சுயாம் என்ற குடாவுக்குத் திருப்பினார், அங்கே அந்தக் காற்று படாது. தண்ணீருக்குள் ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, மைத்துனனும் மகளும் முகக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். அப்பா படகிலேயே இருந்தார். இந்தக் குடாவில்தான் மார்கோ மாருலிச் கொஞ்ச காலம் தங்கியிருந்தார், குரோவேஷிய இலக்கியத்தின் தந்தை என்று சொல்வோம், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கவிஞர் என்று ஸ்கிப்பர் சொன்னார். அவ்வளவுதான். "சரிப்பா" மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். யாப்பு உண்டா, எந்த மொழியில் எழுதினார், லத்தீனா தாய்மொழியா என்று ஒரே கேள்வி. ஸ்கிப்பருக்குப் பாதி தெரிந்தது, மீதியைப் போனில் தேடிச் சொன்னார். இரண்டிலும் எழுதியிருக்கிறார் என்றதும் அப்பாவுக்கு ஒரு திருப்தி. நடுவே சோபர்னிக். கீரையடை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் மிளகாய் போட்டிருக்கலாம் என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஒன்றரைக்குக் கரை சேர்ந்தோம். மூன்று மணிக்கெல்லாம் கடற்கரைச் சாலையில் அலை ஏறி அடித்தது. அன்று பிஷெவோ குகை திறக்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. மனைவி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து பேச ஆரம்பித்தார்.

நான்காம் நாள் காற்று மாறியது. பெரியவர்களை மைத்துனன் வீட்டாரோடு விட்டுவிட்டு, நானும் மனைவியும் மகளும் யாழினி அக்கா சொன்ன மாதிரி ஃபெர்ரியில் விஸ், பஸ்ஸில் கொமிஷா, ஓர் இரவு. மறுநாள் காலை முதல் படகுகளில் ஒன்றில் குகை. வரிசை இருபத்தைந்து நிமிடம். மகள் கையைத் தண்ணீரில் விட்டுவிட்டு எடுக்கவே இல்லை. மனைவி படம் எடுக்க மறந்துவிட்டார், இது எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவை.

கசந்த காபி | 20 ஜூன், இரவு 10:05

எனக்கு 'மூடாது' என்று சொன்ன ஏஜென்சி, உங்களுக்குப் பதில் போட்ட அந்த மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மாமியாரிடம் உங்கள் அம்மா நீந்திய கதையைப் படித்துக் காட்டினேன். "அவங்க மருமகன் நல்லவர் போல" என்றார்.

மதுரைக்காரன் | 20 ஜூன், இரவு 10:11

மருமகன் இல்லைங்க, மகன்! பாராட்டை வாங்கிக்கொள்கிறேன்.

பட்ஜெட் பாபு | 20 ஜூன், இரவு 10:40

மொத்தச் செலவு?

மதுரைக்காரன் | 20 ஜூன், இரவு 10:52

படகு 560, ஸ்கிப்பருக்கு டிப்ஸ் 40, சோபர்னிக், பழம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 45, ஏழு ஜோடித் தண்ணீர்ச் செருப்பு 84. ஆளுக்கு 104 யூரோ. குகைப் பயணம் தனிக்கணக்கு, அதை மனைவி இருக்கும்போது எழுதமாட்டேன்.

அண்ணே, ஒரு விஷயம். இந்த இழையை அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். "கொண்டல், வாடை எல்லாம் சரி, கச்சான் என்று ஒரு காற்றை நான் இலக்கியத்தில் பார்த்ததில்லையே, எந்தத் திசை என்று கேள்" என்கிறார்.

கடலோடி | 21 ஜூன், காலை 5:50

மேற்கு, ஐயா. எங்கள் கரையில் வயதானவர்களைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

யாழினி ஒஸ்லோ | 21 ஜூன், காலை 7:25

எங்களிடமும் மேற்குக் காற்றுத்தான். ஆனால் ஐயாவிடம் சொல்லுங்கோ, யாழ்ப்பாணத்துக்கு வந்து கடைக்காரரிடம் கச்சான் கேட்டால் வேர்க்கடலைதான் சுருட்டிக் கொடுப்பார்கள்.